வெள்ளம் சீன்

இயக்குநர் ரிஷிகேசன் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததுமே சொன்னது இதுதான்: "மேடம், ஒரு கோட்டைக்கூட மாத்த மாட்டேன்." இப்படிச் சொல்கிறவனை வாசலோடு அனுப்பிவிட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சாயா போட்டுக் கொடுத்தேன்.

நான் பிரிஜா. மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். வரைவது தொழில். கிட்னி பழுதாகிப் படுக்கையில் கிடந்த அம்மையின் கடைசி நாட்களைக் கறுப்பு மையில் கிராபிக் நாவலாக வரைந்தேன். 2011இல் புத்தகமாக வந்தது. விமர்சகர்கள் ஏதேதோ பெரிய வார்த்தைகளைப் போட்டுப் பாராட்டினார்கள். நான் வரைந்தது என் அக்கா லீமாவுக்காக மட்டும்தான்.

அம்மைக்கு அளந்துதான் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசி நாளில் அவரே வந்து பார்த்துவிட்டு, இனிமேல் கேட்டதைக் கொடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மை கேட்டாள். அக்கா ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அன்று சாயங்காலமே அம்மை போய்விட்டாள்.

மஸ்கட்டிலிருந்து அண்ணன் ததேயுஸ் போனில் கத்தினான். "டாக்டருகிட்ட கேட்டியா? ஏட்டி, டாக்டருகிட்ட கேட்டியா? வெள்ளத்தக் குடுத்து அம்மையைக் கொன்னுட்டியேட்டி!" டாக்டர்தான் சொன்னார் என்று அக்கா எத்தனை முறை சொல்லியும் அவன் நம்பவில்லை. அந்த டாக்டரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அதோடு அண்ணன் அக்காவிடம் பேச்சை நிறுத்தினான். ஊரில் நாலு பேர் அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயிலில் அக்கா உட்கார்ந்த வரிசையில் இடம் இருந்தும் பெண்கள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

என்னால் சண்டை போட முடியும். ஆனால் சண்டையை யார் நம்புகிறார்கள்? அதனால் நடந்ததை நடந்தபடி வரைந்தேன். ஒரு படக்கட்டத்தில் டாக்டர் அக்காவிடம் சொல்கிறார். அடுத்த கட்டத்தில் வீங்கிய கால்களோடு அம்மை. அவள் வாயருகே ஒரு பேச்சுக்குமிழ், அதற்குள் ஒரே சொல்: வெள்ளம். குரல் தேய்ந்துபோனதைக் காட்ட அந்தக் குமிழின் ஓரத்தை நெளிநெளியாகப் போட்டிருந்தேன். அடுத்த கட்டத்தில் அக்கா தம்ளரோடு வருகிறாள். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். கைக்குழந்தைகூட அப்படித்தான் கேட்கும். இதற்கு ஒரு அடிக்குறிப்பு போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் புத்தகத்தைத் திறக்கவில்லை. "பொம்மை பாக்கதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான். சினிமாவாக வருகிறது என்று கேள்விப்பட்டதும் பேச்சு மாறியது. "வரட்டும், லீவுக்கு வரும்போ பாக்கேன்." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா இரண்டு வருஷம் ஓட்டினாள்.

படப்பிடிப்பைப் பார்க்க என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் கடற்கரையை ஒரு ஷெட்டுக்குள் கட்டியிருந்தார்கள். மண்ணுக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். என் படங்களில் நிழலுக்காக நான் போடும் குறுக்குக்கோடுகளை, அம்மையாக நடித்த பெண்ணின் கன்னத்தில் ஒருவன் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தான். விளக்குச் சூட்டில் அவளுக்கு வேர்க்க, கோடு கழுத்துவரை ஒழுகியது. ரிஷிகேசன் ஓடிவந்து, புத்தகத்தின் பதின்மூன்றாம் பக்கத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்தார். நிழலுக்குத்தான் கோடு என்றால், இத்தனை விளக்கு வைத்திருக்கிறவருக்கு ஒரு நிழல் விழவைக்கத் தெரியாதா? கேட்டேன். "இல்ல மேடம், உங்க ஸ்டைல் மிஸ் ஆகக்கூடாது" என்றார்.

டாக்டர் வரும் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

"அது எங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளைக் கோட்டு மேடம். மொத்தப் படமும் கறுப்பும் சிவப்பும். நடுவுல வெள்ளை வந்தா ஃப்ரேம் உடைஞ்சிடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிவிட்டேன். டாக்டர் இல்லாமல் அந்தக் கதையே கிடையாது என்று கத்தினேன். டாக்டருக்குக் கறுப்புக் கோட்டு போட்டுப் பார்க்கலாமா என்று அவர் நிஜமாகவே கேட்டார். வக்கீல் வந்து வைத்தியம் பார்த்ததாக ஊரில் பேசிக்கொள்வார்கள் என்றேன். கடைசியில் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பினார்.

"வெள்ளம் சீனாவது உண்டா?"

"அதுதான் மேடம் படமே! பாதி பட்ஜெட் அதுக்குத்தான்."

ஒரு தம்ளர் தண்ணீருக்குப் பாதி பட்ஜெட் எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும். நல்ல நடிகையாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் இல்லாவிட்டாலும் அம்மை வாய்விட்டுக் கேட்டதை அண்ணன் பார்ப்பானே, அது போதும் என்று ஊருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா புதுச் சேலை எடுத்தாள்.

2014இல் படம் வந்தது. அண்ணனும் லீவில் வந்திருந்தான். நாகர்கோவில் தியேட்டரில் அவன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் நான்.

வெள்ளை வந்தால் ஃப்ரேம் உடையும் என்ற ரிஷிகேசன், திரையையே வெள்ளைப் பட்டைகளால் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். என் பக்கங்களில் கட்டங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதாம், அதனால். புத்தகத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகக் கண்ணுக்கு வழி வேண்டும். ஓடுகிற படத்துக்கு எதற்கு? "ஏலே ஆபரேட்டரே, திரை கீறிக் கெடக்குலே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். படம் முழுக்க எல்லோரும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஏலே போட்டார்கள். அம்மை சாமியிடம் ஜெபிக்கும்போதும் ஒரு ஏலே விழுந்தது.

டாக்டர் வரவில்லை. கட்டிலில் அம்மை தலையைத் தூக்கினாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளம்!" என்று அலறினாள் திரையில் இருந்தவள்.

சுவர் இடிந்தது. கடல் வீட்டுக்குள் வந்தது. கறுப்பு மையாய்க் கம்ப்யூட்டரில் செய்த அலை, ஓரமெல்லாம் நெளிநெளியாக. அது என் குமிழின் நெளிவு. தேய்ந்த குரலுக்காக நான் போட்ட கோட்டை அந்த மனிதர் அலையாக்கியிருந்தார். கட்டில் மிதந்தது. அம்மையின் வீங்கிய கால்களைத் தண்ணீரில் ஊறிப்போன கால்களாக்கி, அவளையும் அதில் அடித்துக்கொண்டு போகவிட்டிருந்தார். அடுத்த கட்டத்தையும் அவர் விடவில்லை. ஒரு கோட்டைக்கூட மாற்ற மாட்டேன் என்று சொன்னவர் அல்லவா? கழுத்தளவு வெள்ளத்தில், கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு, அக்கா நீந்தி வந்தாள்.

தியேட்டரில் ஒருத்தி, "தாயி வெள்ளம் கேட்டதுக்குக் கடலையே தூக்கிக் குடுத்திட்டானுவளே மக்கா!" என்றாள். அதற்குப் பிறகு அடங்காத சிரிப்பு. சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது எங்கள் அம்மையாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். அக்காவின் கை என் கையிலிருந்து பையக் கழன்றது.

அண்ணன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னான். "பாத்தியா? சினிமாக்காரனுக்கும் மனசிலாச்சு. அம்மையை வெள்ளந்தான் கொன்னுது."

வெளியே ரிஷிகேசன் மாலையும் கழுத்துமாக நின்றார். நேரே போனேன். "சார், எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கிற தண்ணி. அம்மை தாகத்துக்குக் கேட்டது."

அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு அதை எடுத்து ஒட்டவைத்துக்கொண்டார். "அப்படியா? நான் அந்தத் தம்ளரை சிம்பல்னு நெனச்சேன் மேடம். ஊரே முழுகுது, கையில ஒரு தம்ளர். ஆனா பாருங்க, விஷுவலா இதுதான் வெயிட்டு."

செருப்பு காலில்தான் இருந்தது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தியேட்டருக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் அண்ணன் ரசவடை தின்றுகொண்டு நின்றான். நாங்கள் பக்கத்தில் போய் நின்றோம். திடீரென்று அவனுக்குப் புரையேறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். அடுப்பு இரைச்சலில் கடைக்காரருக்கு அது கேட்கவில்லை. அக்காவின் பையில் தண்ணீர் பாட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"ஏட்டி... வெள்ளம்..."

இத்தனை வருஷத்தில் அவன் அக்காவோடு பேசிய முதல் வார்த்தை அது. குரல் தேய்ந்து, அடைத்து, நான் வரைந்த குமிழ் மாதிரியே வந்தது.

அக்கா பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டருகிட்ட கேட்டியா அண்ணே?"

அவன் இருமலுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டான். அக்கா அந்த நீட்டிய கையில் பாட்டிலை வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வாங்கி மூடினாள். பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.