ஏழாம் இலக்கக் கேள்வி

கடன் கேட்கும் படிவத்தில் மொத்தம் பத்தொன்பது கேள்விகள். பதினெட்டுக்கு ரபீக்கா தானே யோசித்துப் பதில் எழுதினாள். ஏழாவது கேள்விக்கு மட்டும் உம்மா பதில் சொன்னாள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

அது அறுபத்தொன்பதாம் ஆண்டு. ரபீக்காவுக்குக் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அவர்களுடைய ஒழுங்கையில் இருந்து அதற்குமுன் ஒரு பெண்பிள்ளை கண்டிப் பக்கம் போனதென்றால் அது பெரியாஸ்பத்திரிக்குத்தான். படிப்பு இலவசம் என்று அரசாங்கம் சொன்னது உண்மை. ஆனால் விடுதியும் சாப்பாடும் புத்தகமும் போக்குவரத்தும் இலவசம் என்று அரசாங்கம் எங்கேயும் சொல்லவில்லை. வாப்பா ஸெய்னுதீன் துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவர். கப்பல் வந்தால் கூலி. வராவிட்டால் வெறுங்கை. அவர் எந்த மாதம் எவ்வளவு கொண்டுவருவார் என்று அவருக்கே தெரியாது.

அதனால்தான் இந்தக் கடன். படிக்கும் காலத்தில் அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும், வேலை கிடைத்தபிறகு சிறுகச் சிறுகக் கட்டலாம். கிடைத்தால் பேராதனை. கிடைக்காவிட்டால் மூதூரில் புடவைக்கடை வைத்திருக்கும் மாமி மகன். மாமி ஏற்கெனவே இரண்டு தடவை வள்ளம் ஏறி வந்து, தேத்தண்ணி குடித்து, வீட்டின் அறைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

ஏழாம் இலக்கக் கேள்வி இதுதான்: 'விண்ணப்பதாரரின் பெயரில் அசையாத ஆதனம் ஏதும் உண்டா? உண்டெனில் விபரம் தருக.'

"எழுது புள்ள," என்றாள் உம்மா நபீஸா, குசினிக்குள் சோறு வடித்தபடியே. "வீடும் வளவும் உன்ட பேருலதானே இருக்கு. பதினாறு பேர்ச்சஸ் காணி. காணி உறுதி இலக்கத்தையும் போடு."

"அது தேவையா உம்மா?"

"தேவையாவா? ஒண்டும் இல்லாத வீட்டுப் புள்ள எண்டு நினைச்சா எவன் கடன் தருவான்?"

உம்மாவைக் குறை சொல்ல ஏலாது. இந்தக் கரையில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாமார் முதலில் தேடுவது வீடு கட்ட ஒரு வளவு. பிள்ளை பல் முளைக்கும்போது அத்திவாரம் போடுவார்கள், பள்ளிக்கூடம் போகும்போது சுவர் எழும்பும். பிறகு நொத்தாரிசிடம் போய் மகள் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிவிட்டு, மகளின் வீட்டில் தாங்கள் குடியிருப்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வியே வீடு இருக்கா என்பதுதான். உம்மா தன் வாழ்நாளில் கண்ட விண்ணப்பம் எல்லாம் அந்த வகைதான். அரசாங்கமும் மாப்பிள்ளை வீட்டாரைப் போலவே கேட்கிறது என்று அவள் நினைத்துவிட்டாள். ரபீக்காவும், பொய் எழுதவில்லையே என்ற துணிவில், உறுதி இலக்கத்தோடு எழுதி அனுப்பினாள்.

ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. கொண்டுவந்தவர் தபால்கார வின்சன்ட். அவர் வெறும் தபால்காரர் அல்ல. இந்தக் கடனுக்கு இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை நிற்க வேண்டும் என்றபோது, தானும், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மனைவி றீற்றாவும் கையெழுத்துப் போடுவதாகத் தானே வந்து சொன்ன மனிதர். கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்ததால் அவரே வாசித்துச் சொல்லவும் வேண்டியதாயிற்று.

வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உமக்குச் சொந்தமா ஆதனம் இருக்காம். வசதியுள்ளவைக்கு இந்தக் கடன் இல்லையாம்."

வசதி! ரபீக்கா சுற்றிப் பார்த்தாள். இரண்டு அறை. ஒன்றுக்குச் சிமெந்துத் தரை, மற்றதற்கு மண். கூரை தென்னோலைக் கிடுகு. பின்பக்கச் சுவர் இடுப்பளவு எழும்பி ஐந்து வருஷமாக அப்படியே நின்றது, அதற்குமேல் சாக்கு. வசதியாம் வசதி! அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றினவன் லாபிர். பக்கத்துத் தெருக் கலீலுர் றஹ்மான் ஹாஜியாரின் ஒரே மகன், மூன்று ராத்தாமாருக்குத் தம்பி, அவளோடு ஒன்றாகச் சோதனை எடுத்தவன். ஹாஜியாருக்குப் பட்டினத்தில் மூன்று கல்வீடு. மூன்றும் ஓட்டுக்கூரை. அதே தபாலில் லாபிருக்குக் கடன் கிடைத்துவிட்டது.

"எப்பிடி?" என்று கேட்டாள் ரபீக்கா.

"மூண்டு வீடும் ராத்தாமாருட பேருல. கடை உம்மாட பேருல. என்ட பேருல ஒரு தென்னம்பிள்ளையும் இல்லையே. வாப்பாட கையிலயும் ஒண்டும் இல்லை எண்டு கணக்கு." அவன் பாவம், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லல்ல ரபீக்கா."

உண்மை, அவன் பொய் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று கல்வீட்டில் மாறி மாறிச் சாப்பிடுகிறவன் ஏழை, சாக்குச் சுவருக்குள் படுக்கிறவள் பணக்காரி. அந்தப் படிவத்தைத் தயாரித்த மனிதன் இந்த மாகாணத்தில் ஒரு நாளாவது தங்கிச் சோறு தின்றிருந்தால், வீடு யார் பேரில் எழுதப்படும் என்று தெரிந்திருக்கும். அவனுக்கு அது தெரியாது. தெரியவேண்டும் என்ற கவலையும் இல்லை. தெரியாததற்குத் தண்டனை அவளுக்கு.

மறுநாளே அவள் கடன் கந்தோருக்குப் போனாள். கிளாக்கர் யோகலிங்கம் மேசையில் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தார்.

"நான் என்ன செய்ய, பிள்ளை? ஆதனம் உண்டு எண்டு நீரே எழுதியிருக்கிறீர். உண்டு எண்டால் கடன் இல்லை. சட்டம் அப்பிடி."

"அது ஓலை வீடு ஐயா."

"ஓலையோ ஓடோ, வீடு வீடுதான்."

ரபீக்கா திறந்திருந்த கோப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வீடு இருக்கிறதாலதானே கடன் இல்லை எண்டு சொல்றீங்க? அப்ப அந்த வீட்டையே ஈடாப் பிடிச்சுக்கொண்டு கடனைத் தாங்களேன்."

யோகலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். "ஓலை வீட்டை ஈடு பிடிச்சு நாங்கள் என்ன செய்யிறது? ஒரு புயலுக்குத் தாங்குமா? அதுக்கு என்ன பெறுமதி இருக்கு?"

"இப்பதானே ஓலையோ ஓடோ வீடு வீடுதான் எண்டீங்க?"

சிரிப்பு நின்றது. "அது வேற பிரிவு, இது வேற பிரிவு. சந்தேகம் எண்டால் எழுத்தில கேளும், எழுத்தில பதில் வரும்."

அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, வீட்டை ஈடாக ஏற்கும்படி ஒரு விண்ணப்பம் எழுதினாள். உறுதியின் பிரதி வேண்டும் என்றதும் உம்மா மறுப்புச் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து, துணிக்குள் சுற்றி வைத்திருந்த உறுதியை பிஸ்மி சொல்லிக் கையில் கொடுத்தாள். "புள்ளைக்குத்தானே வீடு. புள்ள படிப்புக்கு உதவாம வேற எதுக்கு உதவப்போகுது?" அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து ரபீக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டைப் பார்க்கக் கந்தோரில் இருந்து ஒருவர் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை, ஒரு காலை ஊன்றியபடி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உம்மா குசினிக்குள் இருந்ததால் அவரைக் காணவில்லை. பத்தாம் நாள் பதில் வந்தது, இந்தத் தடவை தமிழில்: 'மேற்படி கட்டடம் ஈடாக ஏற்கத்தக்க பெறுமதி அற்றது.' கீழே முத்திரை. ரபீக்கா எதிர்பார்த்த கடிதம் அதுதான். ஆனாலும் வாசித்தபோது கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை துறைமுகத்தில் கப்பல் இல்லை. வாப்பாவையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனாள். யோகலிங்கம் தடுக்கத் தடுக்க, பெரிய உத்தியோகத்தரின் அறைக்குள் நுழைந்து இரண்டு கடிதத்தையும் அவர் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எனக்கு வீடு இருக்கு, அதால கடன் இல்லை எண்டு சொல்லுது. இது அந்த வீடு ஒண்டுக்கும் உதவாது எண்டு சொல்லுது. ரெண்டிலயும் உங்கட முத்திரைதான் சேர். வீடு இருக்கா இல்லையா? நீங்களே ஒண்டைச் சொல்லுங்க. நான் அதைக் கேட்டு நடக்கிறேன்."

உத்தியோகத்தர் இரண்டையும் வாசித்தார், திரும்பவும் வாசித்தார். யோகலிங்கத்தைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். யோகலிங்கம் வேறு பிரிவைக் கை காட்டினார். கடைசியில் உத்தியோகத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குப் பெறுமதி ஒன்றும் இல்லை, அதனால் தனக்கு ஆதனம் இல்லை என்று ரபீக்கா ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். வீட்டைக் கட்டி எழுதிக் கொடுத்த தகப்பனும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும். கொடுத்தால் கடனுக்குத் தடையில்லை.

கடதாசி அங்கேயே தட்டச்சாகி வந்தது. வாப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

"என்ன புள்ள எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சும்மா கந்தோர்க் கடதாசி வாப்பா என்றால் அவர் நம்பியிருப்பார். ஆனால் இவர்களுக்காகத் தன் வாப்பாவிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உரத்து வாசித்தாள். 'என்னால் கட்டப்பட்ட மேற்படி வீடு எவ்விதப் பெறுமதியும் அற்றது என உண்மையாகவும் உறுதியாகவும் கூறுகின்றேன்.'

வாப்பா கடதாசியை அவள் கையிலிருந்து வாங்கினார். அவர் தோளில் பெட்டி சுமந்து காய்த்த தழும்பு, சேட்டுக்கு வெளியே கழுத்தோரம் தெரிந்தது. பதினெட்டு வருஷம் கப்பல் கப்பலாக ஏறி இறங்கி, ஒரு கப்பலுக்குக் கொஞ்சச் சிமெந்து, ஒரு கப்பலுக்கு ஒரு யன்னல் என்று சேர்த்த வீடு அது.

"ஐயா இருக்கிறது எங்க?" என்று உத்தியோகத்தரிடம் மரியாதையாகக் கேட்டார்.

"குவாட்டர்ஸிலதான். ஏன்?"

"சொந்தமா வீடு?"

"இன்னும் கட்டேல்லை."

"அப்ப ஐயாட மகளுக்கு இந்தக் கடன் சுகமாக் கிடைக்கும்," என்றார் வாப்பா. பேனையை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பேரை எழுதினார். ரபீக்காவும் கையெழுத்து வைக்க, உத்தியோகத்தர் முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்து கடற்கரைத் தெருவரைக்கும் இருவரும் நடந்தார்கள். கடன் கிடைத்துவிட்டது. பேராதனைக்குப் போகலாம். மாமி இனி வேறு வீட்டு அறைகளை எண்ணலாம். ரபீக்காவுக்குச் சந்தோசம் வரவேண்டிய நேரம், ஆனால் திரும்பிப்போய் அந்தக் கடதாசியைக் கிழித்து அவர்கள் முகத்தில் எறியவேண்டும் போல இருந்தது. எறிந்தால் படிப்புப் போகும். அது அவர்களுக்கும் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

ஒழுங்கை முனையில் வாப்பா நின்றார். "உம்மாட்ட அந்தக் கடதாசிய வாசிக்காத புள்ள."

"ஓம் வாப்பா."

செய்தி கேட்டதும் உம்மா இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். பிறகு கந்தோரில் திருப்பிக் கொடுத்த உறுதியின் பிரதியை ரபீக்காவிடம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைத் திருப்பியும் தந்திட்டாங்களா? பாத்த உடனேயே நம்பியிருப்பாங்க. நான் அண்டைக்கே சொன்னேன்தானே, வீடு இருக்கு எண்டு எழுது எண்டு. இந்த வீட்டாலதானே புள்ள கடன் கிடைச்சது?"

வாப்பா சேட்டைக் கழற்றுகிற சாட்டில் மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓம் உம்மா," என்றாள் ரபீக்கா.

அன்று பின்னேரம் உம்மா பழைய வாளி ஒன்றில் சுண்ணாம்பு கரைத்து, முன்சுவருக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினாள். கடன் தந்த ஐயாமார் ஒருநாளைக்கு வீட்டைப் பார்க்க வந்தாலும் வருவார்களாம்.