குழம்புக்குத்தான்

கிளிஞ்சல்மேட்டு ஆம்பளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. வலை கிழிகிற அளவுக்கு மீன் பட்டிருந்தாலும், கரையில் யாராவது "என்னப்பா பாடு?" என்று பிடிபட்ட மீனின் அளவைக் கேட்டால் "கொழம்புக்குத்தான்" என்பார்கள். உள்ளதைச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். என் வீட்டுக்காரர் அருள்மணிக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

நான் பார்ப்பது இன்டர்நெட் வேலை. வெளிநாட்டுக் கடைக்காரர்கள் அனுப்புகிற செருப்பு, சட்டைப் படங்களில் பின்னணியை வெட்டி எடுத்து வெள்ளையாக்கிக் கொடுப்பேன். ஒரு வெப்சைட் வழியாகக் கூலி வரும். எனக்கு பேங்க் கணக்கு இல்லாததால் அவர் கணக்கில், மீன் பணத்தோடு சேர்ந்து கிடந்தது. பிரவுசிங் சென்டரே கதியென்று இருந்து அலுத்துப்போய், சொந்தக் கம்ப்யூட்டர் வாங்க பேங்க்கில் லோன் கேட்டேன். "உங்க பேர்ல வருமான வரிக் கணக்குக் காட்டின ரசீது கொண்டாங்கம்மா" என்றார் மேனேஜர்.

2008 ஜூலையில் இருவரும் ஆடிட்டர் கமருன்னிசாவிடம் போனோம்.

"பணம் உங்க கணக்குல வந்திருக்கு. இதுல தீபா சம்பாத்தியம் எவ்வளவுன்னு நீங்க சொல்லி கையெழுத்துப் போடணும். அப்பதான் அவங்க பேர்ல காட்ட முடியும்" என்றார் கமருன்னிசா, இவரிடம்.

இவர் வாயைத் திறந்தார். அதற்குள் வாசல் பெஞ்சில் எங்கள் ஊர் மீன் ஏலக்காரர் சோமசேகரன் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டுவிட்டது.

"என்னத்தங்க... ஏதோ கொழம்புக்கு வருது."

கமருன்னிசா பேனாவை மூடினார். "அவ்வளவுதான்னா கணக்கே காட்ட வேணாமே."

"அப்ப லோன்?" என்றேன்.

"கஷ்டம்தாம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, கண்ணு பூத்துப்போற மாதிரி உக்காந்து பாத்த வேலைங்க! அது உங்க வாயில கொழம்பாயிடுச்சா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்து தொலைத்தது. சண்டை போட வந்த இடத்தில் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து நின்று, படகு இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசுகிற குரலில் சொன்னார்.

"ரெண்டு லட்சத்து முப்பதாயிரம்ங்க! முச்சூடும் இவ சம்பாரிச்சது. எங்காசு இதுல ஒத்தப் பைசா கெடையாது. எங்க கையெழுத்துப் போடணும்?"

சோமசேகரன் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் என் காதோரம், "வீட்டுக்குப் போனதும் உப்பு மொளகா சுத்திப் போட்டுடுவோம்" என்றார். பாவி மனுசன், உண்மையாகவே பயந்துபோயிருந்தார். எனக்கு அந்த நடுரோட்டிலேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை டீ எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். படகு நிறைய வஞ்சிரம். யாரோ பாடு கேட்டார்கள்.

"கொழம்புக்குத்தான்" என்றார், வழக்கம்போல. கூடவே, "ஆனா எம் பொண்டாட்டி வருமான வரி கட்டுறா, தெரியுமில்ல?" என்றார், கரை முழுக்கக் கேட்கும்படி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னடி ஆச்சு?" என்று கேட்ட, பக்கத்தில் நின்ற செல்லம்மாவிடம், "ஒண்ணுமில்லக்கா, மண்ணு விழுந்துடுச்சு" என்றேன்.