புள்ளி வைத்த முனை

டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் கம்பி சுற்றுகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தத் தம்பியும் அங்கேயே இருந்தான். மேஸ்திரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அவள் வாங்கிக் கொடுத்த வேலை. அவள் சுற்றியதன் முனைகளை ஆணிகளில் முடுக்கி, மீட்டர் வைத்துச் சோதித்து, தாளில் எழுதுவது அவன் பொறுப்பு. மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவனுக்கு.

மூன்று மாதத்துக்கு முன்னால், அவள் சுற்றிய டிரான்ஸ்பார்மர் பெட்டியை ஓர் ஆலையில் பழைய பெட்டியோடு ஜோடி சேர்த்தார்கள். சுவிட்சைப் போட்டதும் பழையது கருகிப்போயிற்று. அக்காதான் தலைகீழாகச் சுற்றிவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. பதினெட்டு வருடம் கம்பி பிடித்த கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, சுற்றுகளுக்கு நடுவே வைக்கும் காகிதம் வெட்ட உட்காரவைத்தார்கள். கை தப்பியிருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

இன்று அவள் சுற்றிய அந்தப் பெட்டி ஆலையிலிருந்து திரும்பி வந்தது.

"ஒரே ஒரு தடவை நானே பாத்துடறேன்," என்றாள் மேஸ்திரியிடம்.

சுற்று தொடங்கும் முனை எது என்று காட்ட ஆணியருகே ஒரு புள்ளி வைத்திருக்கும். பெரிய சுற்றிலும் சின்னச் சுற்றிலும் புள்ளி வைத்த முனைகளை ஒன்றாக இணைத்தாள். மிச்சமிருந்த இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டர். பெரிய சுற்றுக்கு நூறு வோல்ட் கொடுத்தாள். சின்னது அதில் பாதி தரும். புள்ளி சரியென்றால் கழிந்து ஐம்பது காட்டும், மாறியிருந்தால் கூடி நூற்றைம்பது.

நூற்றைம்பது காட்டியது.

"பாத்தியாம்மா?" என்றார் மேஸ்திரி. "அன்னைக்கு உன் தம்பி சோதிக்கவே இல்ல. 'அக்கா சரின்னு சொல்லுச்சு, நம்பி அம்பதுன்னு எழுதிட்டேன்'னு அழுதான்."

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. கரண்டை நிறுத்திவிட்டுச் சின்னச் சுற்றின் நாடாவைப் பிரித்தாள். எந்தச் சுற்றைத் தொடங்கினாலும் முதல் முனையில் சிவப்பு நூல் கட்டுவது அவள் வழக்கம். புள்ளி வைத்த ஆணியில் இருக்க வேண்டிய நூல், எதிர் ஆணியில் இருந்தது. சுற்றியது சரி, முனையைத்தான் மாற்றி முடுக்கியிருக்கிறான்.

தம்பி கூப்பிடாமலே வந்து நின்றான்.

"உனக்கு எப்படா தெரியும்?"

"அது கருகின அன்னைக்கே தெரியும்க்கா. நீ பழைய ஆளு, மன்னிச்சிடுவாங்க. என்னைன்னா துரத்திடுவாங்க."

மூன்று மாதமாக எதிரே உட்கார்ந்து, "விடுக்கா, யாருக்கும் வர்றதுதானே" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே அவள் சோற்றைத் தின்றிருக்கிறான். மாட்டிவிட்டதைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்த ஆறுதலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பேனாவை அவனிடம் நீட்டினாள். "நூத்தம்பதுன்னு எழுது. எதனாலன்னும் எழுது."

எழுதினான். மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் இடத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் பழக்கதோஷத்தில் தம்பி எதிரே வந்து உட்கார்ந்தான். அக்கா டப்பாவைத் திறந்து, பசியே இல்லாமல், கடைசிப் பருக்கை வரை தானே தின்று முடித்தாள்.