படத்துக்குக் கீழே ஒரு பெயர்

சின்ன டாக்டருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அவள் சின்ன டாக்டர்தான். பெரியவர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கும்வரை அடுத்தவள் சின்னவளாகத்தானே இருந்தாக வேண்டும்? வாசல் பலகையில் பெரியவர் பெயரும், பெயரைவிட நீளமான பட்டங்களும் இருந்தன. மிச்சம் கிடந்த இடத்தில் சிரிக்கிற பல் ஒன்றை வரைந்துவிட்டார்கள். அவளுக்கு இடமில்லாமல் போயிற்று.

வேலை என்று வந்தால் கதை தலைகீழ். பிடுங்குவது, அடைப்பது, அளவெடுப்பது, அழுகிற பிள்ளையிடம் கடி வாங்குவது எல்லாம் அவள். எல்லாம் முடிந்த பிறகு பெரியவர் வந்து நோயாளியின் தோளைத் தட்டி, "எப்படி நம்ம வேலை?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அதையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் போனது அந்தப் படத்தால்.

காத்திருக்கும் அறைச் சுவரில் புதிதாக மாட்டியிருந்தார்கள். சரக்குக் கிடங்கில் காலமெல்லாம் மூட்டை தூக்கிய ஒருவர், இருந்த பல்லெல்லாம் கொட்டிப்போய் வந்தவர், மேலும் கீழும் முழு செட்டு மாட்டிக்கொண்டு தாடையை நிமிர்த்தி ராஜா மாதிரி சிரித்தார். அளவெடுத்ததிலிருந்து மாட்டிவிட்டது வரை சின்ன டாக்டர் கைதான். கீழே 'பெரிய டாக்டரின் கைவண்ணம்' என்று எழுதியிருந்தது. பல் டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில் இந்த வேலைக்குத்தான் கேடயம் என்று பேச்சு வேறு.

"சார், அந்த செட்டை நான்தானே செஞ்சேன். கீழ என் பேரையும் ஒரு ஓரமா போட்டா என்ன?"

"ஏம்மா, ஆஸ்பத்திரின்னா ஒரு மூஞ்சிதான் இருக்கணும். ரெண்டு மூஞ்சி இருந்தா வர்றவன் எதைப் பார்த்துப் பயப்படுவான்?" என்றார் பெரியவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

வீட்டில் வந்து அண்ணனிடம் கொட்டினாள். அண்ணன் கொத்தனார். சிமெண்ட் காய்ந்த கையைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"இந்த ஊர்ல பாதி வீடு நான் கட்டினதுதான். எந்த வீட்டுலயாவது என் பேரு இருக்கா?"

"இல்லைதான்."

"ஒரே ஒரு சுவரு சாயட்டும். தெரு முழுக்க என் பேருதான் இருக்கும். அவசரப்படாத, உனக்கும் ஒரு சுவரு சாயும்."

"உன் வாயில முதல்ல ஊசி போடணும்" என்றாள் அவள்.

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான் மூட்டைக்காரர் வந்தார். அது இரண்டாவது தடவை.

"டாக்டரம்மா, பேசும்போது சும்மா கிடக்கு. திங்கப் போனா கீழ்வரிசை முரட்டு மாடு மாதிரி துள்ளுது."

வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்தாள். புண் இல்லை, சிவப்பு இல்லை. அவள் கண் வாயில் இருந்ததே தவிர நினைப்பு சுவரில் இருந்தது. "புதுச் செருப்பு மாதிரிதாண்ணே. முதல்ல கடிக்கும், அப்புறம் பழகிடும்."

"செருப்பு கடிச்சா கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்துருவேன். இதைக் கழட்டிட்டு எதை வச்சு மெல்றது?"

"பழகிடும்ணே."

போன தடவை பெரியவரும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு டாக்டர் ஒரே வாக்கைச் சொன்னால் அது மருத்துவம்தானே என்று மூட்டைக்காரர் போய்விட்டார்.

விழாவன்று மண்டபம் நிறைந்த பல் டாக்டர்கள். பெரியவர் மூட்டைக்காரரைப் புதுச் சட்டையோடு மேடையேற்றி, மைக்கைப் பிடித்தார். "இந்தக் கை இருக்கே, இந்தக் கை! இதால செஞ்ச பல்லு. பாறையைக்கூட உடைக்கும்." பாறை கிடைக்காததால் ஆப்பிள் ஒன்றை நீட்டினார்.

மூட்டைக்காரர் சபையைப் பார்த்தார். காலை அகட்டி ஊன்றினார், மூச்சை அடக்கினார், தாடையை முன்னால் தள்ளினார். நறுக்கென்று ஒரு கடி. கைதட்டல் எழும்பியது. மெல்லலாம் என்று அவர் தாடை தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. பல் திரும்பவில்லை. கீழ்வரிசை முழுதும் ஆப்பிளில் பதிந்து அங்கேயே நின்றுவிட்டது.

அவர் ஆப்பிளைத் தூக்கிப் பார்த்தார். "ஐயா, எனக்கு இருந்ததைவிட இதுக்குப் பொருத்தமா இருக்கு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பெரியவருக்கு ஒரு நொடிதான் முகம் செத்தது. அடுத்த நொடி மைக் உயிர்பெற்றது. "உண்மையைச் சொல்லிடணும் இல்லையா? இதை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் செஞ்சது எங்க சின்ன டாக்டர்தான்! எழுந்திரும்மா!" என்று சொல்லி அவள் பெயரையும், இனிஷியலோடு, ஒலிபெருக்கி அதிர முழங்கினார்.

எல்லாத் தலையும் திரும்பின. இத்தனை வருடம் ஏங்கிய மரியாதை, சுவரோடு சேர்ந்து வந்து விழுந்தது. அண்ணன் வாய்க்கு உண்மையிலேயே ஊசி போட்டிருக்க வேண்டும்.

'இப்பத்தானே சார் உங்க கைன்னீங்க?' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. கேட்டிருந்தால் மண்டபமே அவள் பக்கம். ஆனால் மூட்டைக்காரர் கடித்த விதத்தை அவள் பார்த்துவிட்டாளே. அந்த அகட்டிய கால், அந்த முன்னால் தள்ளிய தாடை. கடி அளவெடுத்த நாளில் 'பலமா கடிங்கண்ணே' என்று சொன்னது அவள்தான். அந்த மனிதருக்குப் பலம் என்றால் முதுகில் மூட்டை ஏறுகிற நிலைதான். எடுத்த அளவு தின்கிற வாய்க்கு இல்லை, சுமக்கிற வாய்க்கு.

மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"ஆமா, நான்தான் செஞ்சேன். கடி அளவைத் தப்பா எடுத்ததும் நான்தான். இவரு தாடையைத் தள்ளிக் கடிச்சதைக் கவனிக்கலை. துள்ளுதுன்னு வந்து சொன்னப்பவும் சரியாப் பார்க்காம, பழகிடும்னு திருப்பி அனுப்பினேன். அண்ணே, மன்னிச்சுக்கங்க. நாளைக்குக் காலையில வாங்க, புதுசா அளவெடுப்போம்."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் சில பேர் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். 'பழகிடும்' என்று சொல்லாத பல் டாக்டர் அங்கே யார்?

மூட்டைக்காரர் மைக் பக்கம் சாய்ந்தார். கீழ்வரிசை இல்லாமல் பேச்சு காற்றாக வந்தது. "அதுவரைக்கும் ஆப்பிளை நானே வச்சுக்கவா?"

கேடயம் வேறு ஊர் டாக்டருக்குப் போயிற்று.

மறுநாள் மூட்டைக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, கடி அளவெடுக்கிற மெழுகை வாயில் வைத்தாள். "அண்ணே, நாக்கு நுனியை மேல மடிச்சு, எட்டுற வரைக்கும் பின்னாடி கொண்டுபோங்க. அப்பத்தான் தாடை தன் இடத்துக்குப் போகும். அப்படியே மெதுவா மூடுங்க. பலமே வேணாம்."

அவர் மெழுகைக் கையில் துப்பினார். "பலம் வேணாம்னு என்கிட்ட சொன்ன முதல் ஆளு நீங்கதாம்மா."

"திரும்ப வைங்கண்ணே. பேசாதீங்க."

பெரியவர் அந்தப் படத்தைக் கழற்ற ஸ்டூல் போட்டு ஏறினார்.

"இருக்கட்டும் சார். கீழ என் பேரை மட்டும் போட்டுடுங்க."

ஆறேழு வருடம் ஏங்கியும் கிடைக்காதது அன்று மதியமே நடந்தது. எழுத்துக்கூட முன்பு இருந்ததைவிடப் பெரிது. அதன்பிறகு ஆடுகிற பல், குத்துகிற கம்பி, உதிர்ந்த அடைப்பு என்று யார் வந்தாலும் பெரியவர் படத்தைத்தான் காட்டினார். "அதோ, பேரு போட்டிருக்கு பாருங்க. அவங்ககிட்ட போங்க." போனார்கள். பல் சரியானவர்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவந்தார்கள். பெரியவர் தட்டத் தோள் தேடிக்கொண்டிருந்தார்.

புதுச் செட்டு மாட்டிய மூட்டைக்காரர் வாய் நிறைய நிலக்கடலையோடு ஒருநாள் வந்து படத்துக்கு முன்னால் நின்றார். இப்போது தாடை உள்ளே போய், சாதாரண ஆள் மாதிரிதான் இருந்தார். மென்றுகொண்டே தன் பழைய முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளு ராஜா கணக்காத்தான் இருக்கான்" என்றார். "பட்டினி ராஜா."