இடப்பக்கக் கட்டங்கள்

தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "அவ்வளவுதானா? எனக்கு இன்னும் பசிக்குது" என்றாள் டீச்சர். கணவன் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தான். "இதை முதல்லயே வச்சா கை தேய்ஞ்சிடுமா?" என்று கடிந்துகொண்டே மீதியையும் சாப்பிட்டாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதிலிருந்து அவளுக்கு இடப்பக்கம் என்ற ஒன்று இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறில்லை, மூளைதான் அந்தப் பக்கம் தெரிவதையும் படுவதையும் விட்டுவிடுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடை, நினைவு, வாய்த்துடுக்கு எல்லாம் பழையபடி இருந்தன. தனக்கு ஒன்றுமில்லை என்றே அவள் நம்பினாள். பள்ளிக்கூடம் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வகுப்பு எடுத்துக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தார் தலைமையாசிரியை.

"பலகைக்கு இடது ஓரமா நின்னுக்கோ. எல்லாம் உன் வலப்பக்கம் வந்துடும்" என்றான் கணவன், வழியில்.

"நீங்க உங்க லேத்தைப் பாருங்க. கணக்கை நான் பாத்துக்கறேன்."

பட்டறைக்குப் போகாமல் அவன் வகுப்பு ஜன்னலோரம் நின்றான். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்றைப் பதினான்கால் பெருக்க வேண்டும். டீச்சர் பலகையில் பெரிய சதுரம் போட்டு, குறுக்கும் நெடுக்கும் கோடிழுத்து நான்கு கட்டமாக்கினாள். கைப்பழக்கத்தில் கோடுகள் நேராக விழுந்தன. மேலே இருபது, மூன்று. பக்கவாட்டில் பத்து, நான்கு.

"பெரிய எண்ணைக் கண்டு பயப்படக் கூடாது. உடைச்சுட்டா எல்லாம் சின்னதுதான்" என்றாள். "மூணு பத்து முப்பது. மூணு நாலு பன்னெண்டு." வலப்பக்கக் கட்டங்கள் இரண்டும் நிரம்பின. "கூட்டினா நாப்பத்திரெண்டு. சரியா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில், "சரி டீச்சர்!" என்றார்கள்.

அவ்வளவு நாளாக அவளுக்காகக் காத்திருந்த பிள்ளைகள்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "இருக்காதே... இருபது பத்துன்னாலே இருநூறு ஆச்சே!" பலகையைத் தடவினாள். விரல் நடுக்கோடு வரை வந்து திரும்பிவிட்டது. "கட்டமெல்லாம் ரொம்பித்தானே இருக்கு? எங்க விட்டேன்? யாராவது சொல்லுங்களேன்..."

தலைமையாசிரியை குனிந்துகொண்டார்.

உள்ளே போய்ச் சுட்டிக்காட்டினால் அவள் வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். போனான். எண்ணெய்க்கறை படிந்த விரல்களால் அவள் முகவாயைப் பிடித்து, மெல்ல இடப்பக்கம் திருப்பினான்.

"இதெல்லாம் இங்கயேதான் இருந்துச்சா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

வெறுங்கட்டங்களில் இருநூறு என்றும் எண்பது என்றும் எழுதினாள். நான்கையும் கூட்டி, முந்நூற்று இருபத்திரண்டு என்று போட்டாள். பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "நான் தப்பா சொன்னா சரின்னு சொல்லாதீங்கடா." சாக்பீஸைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் முன்னால் வைத்தாள். "வேற டீச்சரைப் பாத்துக்கோங்க மேடம்."

திரும்பும்போது வண்டிகள் போகும் பக்கமாக, அவளுக்கு இடப்பக்கத்தில், அவன் அவள் இடக்கையைப் பிடித்தபடி நடந்தான். பாதி வழியில் அவள் நின்றாள். வலப்பக்கம், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்து, "என்னங்க?" என்றாள். "எங்க போயிட்டீங்க?"

அவன் அவள் கையை இறுக்கினான். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.