துணைக்கு வந்த ஆயா

குழந்தையைப் பூரணியின் மடியில் வைத்துவிட்டுச் சின்னத்தொரசானி கறுப்புத் துணியால் தன் கண்களைக் கட்டிக்கொண்டாள். விமானம் ஏறியதிலிருந்து இதே கதைதான். அழுதால் பூரணியின் மடி, சிரித்தால் தாயின் மடி. இடுப்பில் பெல்ட்டு இறுக்கியது. முன் சீட்டுக்காரன் சாப்பிட்ட கையோடு முதுகைச் சாய்த்தவன் நிமிரவேயில்லை. அவனுடைய வழுக்கைத் தலை அவள் முகத்துக்கு நேரே கிடந்தது. இந்தப் பக்கம் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு கிழவர் குறட்டை விட்டார். எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டுமென்றாலும் அவரை எழுப்ப வேண்டும். அவரை எழுப்பினால் குழந்தை எழும்.

சீமைக்கு அவள் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. இலங்கையில் அவள் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துப் பெரியதொரை லீவில் ஊருக்குப் போனபோது, பிள்ளைகள் இரண்டும் பூரணி இல்லாமல் தூங்காது என்று அவர் சம்சாரம் தொரசானி அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். முந்தாநாள் காலையில் தொரசானி சமையலறைக்கு வந்து, தோட்டத்திலிருந்து தந்தி வந்திருப்பதாகச் சொன்னாள். அவள் புருஷன் செல்லசாமிக்கு உடம்பு கடுமையாக இருக்கிறதாம். கடுமை என்றால் எவ்வளவு என்று கேட்கப் பூரணிக்கு இங்கிலீஷ் வரவில்லை. கேட்டிருந்தாலும் தொரசானிக்கு அதற்கு மேல் தெரிந்திருக்காது.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தொரையின் சம்சாரம், இந்தச் சின்னத்தொரசானி, பிள்ளை பெற்றுக்கொண்டு அதே வாரம் இலங்கைக்குத் திரும்ப இருந்தாள். வழித்துணைக்கு அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. எல்லாம் தோதாக அமைந்துவிட்டது என்று பெரியதொரையின் தொரசானிக்குத் திருப்தி. புருஷனைப் பார்க்கப் போகிற நேரத்திலும் ஆயாவாகத்தான் போக வேண்டியிருக்கிறது என்று பூரணி நினைத்தாள்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள். சிகரெட் புகை அப்படியே நின்றது. சன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனியில் ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டும் விட்டுவிட்டு மின்னியது. பறக்கிறோமா, ஒரே இடத்தில் நிற்கிறோமா என்றே தெரியவில்லை. பஸ் என்றால் மரம் பின்னால் போகும். ரயில் என்றால் ஸ்டேசன் பெயரையாவது பார்க்கலாம். இங்கே எதுவும் நகரவில்லை.

செல்லசாமி மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை அவனுக்கு. இருமல் பிடித்து ஒரு வருசமாகியும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. “பொகையில நிக்கிறவனுக்கு இருமல் வராம வேற என்ன வரும்” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவான். அவள் சீமைக்குப் போவது முடிவானதும் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. புறப்படுகிற அன்று அவளுடைய தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பங்களாவரை வந்தான். பெட்டியை வாசலில் இறக்கினான். “பனி ஜாஸ்தியா இருக்குமாம். காத மூடிக்க” என்றான். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

விடிந்தபோது விமானம் கராச்சியில் நின்றது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்றார்கள். எல்லோரையும் இறக்கி ஒரு பெரிய கூடத்தில் உட்கார வைத்தார்கள். வெயில் கண்ணாடியைத் துளைத்தது. சின்னத்தொரசானி ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரருடன் பேசிச் சிரித்தாள். பூரணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தை அளந்தாள். வெளியே விமானத்தின் வயிற்றடியில் இரண்டு பேர் ஏணி போட்டு நின்றார்கள். அவர்கள் அவசரப்படவே இல்லை. போய் அவர்கள் கையிலிருப்பதைப் பிடுங்கி வேலையைத் தானே செய்யலாமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கட்டுநாயக்காவில் இறங்கியபோது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறந்து வளர்ந்தது இங்கே மலைநாட்டுப் பொகவந்தலாவையில், பாஸ்போர்ட் இந்தியாவினுடையது. சிங்களத்தில் கேட்டார். தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். ஓரமாக நிற்கச் சொன்னார். முன்னால் போய்விட்ட சின்னத்தொரசானி திரும்பி வந்து, தன்னுடைய ஆயா என்று ஒரு வார்த்தை சொன்னாள். உடனே முத்திரை விழுந்தது.

கார் கொண்டு வந்திருந்த டிரைவர் பொன்னையா சின்னத்தொரையின் தோட்டத்து ஆள். சின்னத்தொரசானி பின்னால் சாய்ந்து உறங்கிப் போனாள். குழந்தையோடு முன்னால் உட்கார்ந்திருந்த பூரணி, கொழும்பு ரோட்டைத் தாண்டும்வரை பொறுத்திருந்தாள்.

“தம்பி, எங்க தோட்டத்துப் பக்கம் போனீங்களா? ஸ்டோருல வெறகு போடுற செல்லசாமி எங்கூட்டுக்காரரு. ஒடம்பு முடியலன்னு தந்தி வந்துச்சு.”

பொன்னையா கியரை மாற்றினான். வளைவு ஒன்றைத் தாண்டினான். இன்னொன்றைத் தாண்டினான்.

“சொல்லுங்க தம்பி.”

“நேத்து காலையில தப்படிக்கிற சத்தம் கேட்டுச்சுக்கா” என்றான் ரோட்டைப் பார்த்தபடி. “நீங்க வர்ற வரைக்கும் எடுக்காம வச்சிருக்காங்களாம். ஆபீசுல சொல்லியிருந்தாங்க போல.”

கண் விழித்த தொரசானி, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டாள். மேலே மழையாம், அதைப் பற்றித்தான் என்று பொன்னையா சொல்லிவிட்டான். பூரணி குழந்தையின் தலை ஆடாமல் கையை அணை கொடுத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். வழியில் ஒரு ரெஸ்ட் ஹவுசில் தொரசானிக்குத் தேநீர் வேண்டியிருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிதானமாகக் குடித்தாள். பொன்னையா காரைவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

கினிகத்தேனை ஏற்றம், அட்டன், நோர்வூட். மழை விட்டு மூட்டம் இறங்கியது. ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் பொன்னையா வேகத்தைக் குறைத்தான். வலது பக்கம் பூரணியின் தோட்டம். இடது பக்கம் சின்னத்தொரையின் பங்களா. முதலில் பங்களாவுக்குப் போகலாம், குழந்தையைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்ததும் டிரைவர் உன்னைக் கொண்டுபோய் விடுவான் என்று தொரசானி அன்பாகத்தான் சொன்னாள். அப்போது சரிவிலிருந்து தப்புச் சத்தம் கேட்டது.

“நிப்பாட்டுங்க தம்பி.”

“மொதல்ல பங்களாவுக்குன்னு சொல்றாங்கக்கா.”

“நிப்பாட்டுங்க.”

கார் நின்றது. பூரணி இறங்கிப் பின்கதவைத் திறந்து குழந்தையைத் தாயின் மடியில் வைத்தாள். அது விழித்துக்கொண்டு வீறிட்டது. ஆயா, ஆயா என்று தொரசானி பதறினாள். பூரணி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தன் புருஷன் செத்துப்போய்விட்டான் என்று சொன்னாள். இந்த வழி முழுவதும் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தொரசானி கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். பூரணி கேட்பதற்கு நிற்கவில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப்பாதையில் இறங்கினாள்.

வரிசை வீட்டு லயத்து வாசலில் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. “சப்பாத்தோட உள்ள போறா பாரு” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராவுக்குள் செல்லசாமியைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அவன் ஒரு நாளும் போடாத கோட்டு ஒன்றைப் போட்டுவிட்டிருந்தார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவனைப் பல்வலிக்காரன் போலக் காட்டியது. மகள் அழகம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

பெண்கள் குரலெடுத்து அழத் தொடங்கினார்கள். பூரணி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னேன்ல” என்றாள்.

கங்காணி பழனியாண்டி நிலைப்படியில் தயங்கி நின்றார். “பொழுது எறங்கிருச்சு தாயி. மழையும் வந்துரும். எடுத்துறலாமா?”

அவள் தலையசைத்தாள். இத்தனை தூரம் வந்ததற்கு அவ்வளவு நேரம்தான் கிடைத்தது. ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் காம்பராவைக் கழுவி விட்டார்கள். பூரணி வாசல் படியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவள் கையில் திணித்தாள்.

“ஏரோப்பிளேன்ல படுக்க எடம் குடுப்பாங்களாடி?”

“இல்லக்கா. ஒக்காந்துக்கிட்டேதான்.”

அவள் சப்பாத்தைக் கழற்றப் பார்த்தாள். கால் வீங்கிப்போயிருந்தது. நனைந்த கயிறு முடிச்சு விழுந்து இறுகிக் கிடந்தது. குனிந்தால் தலை சுற்றியது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த அழகம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். சப்பாத்து வந்தது. கம்பளிக் காலுறையை மெல்ல உரித்தாள். கணுக்காலைச் சுற்றி அதன் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது.

தப்புச் சத்தம் வளைவைத் தாண்டி இறங்கிப் போனது. அழகம்மா அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.