மதில் மேல் கிடந்த கிழங்கு

என் கைக்கு ராசி இல்லையாம். மாமியார் ரேணுகாம்பாள் இதைச் சொல்லாத நாள் கிடையாது. கல்யாணமான வருஷம் நான் நட்ட முருங்கைக் கொம்பு பட்டுப்போனதில் ஆரம்பித்த பேச்சு. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கும்போது முதல் பிடியை மருமகள் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நான்கு வருஷமாக அதைப் பக்கத்து வீட்டுச் சரசு போட்டுவந்தாள். நான் வேடிக்கை பார்த்தேன்.

அதனால்தான் செங்காந்தள் வளர்க்கக் கிளம்பினேன். மலையடி வேலிகளில் தானாகப் படர்ந்து நெருப்பாகப் பூக்கிற கொடி என் கொல்லையில் பூக்காதா? அத்தையிடமே கேட்டேன். "இது பூத்தா முதல் பிடி எனக்கா?"

"பூக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

முதல் வருஷம் கிழங்கை மஞ்சள் மாதிரி துண்டு துண்டாக உடைத்து நட்டேன். நுனியில் மட்டும்தான் முளை வரும் என்று யார் கண்டார்கள்? ஒன்றும் தேறவில்லை. மறுவருஷம், எண்பத்தொன்றில், ஆடி மாதம் மூன்று முழுக்கிழங்கு நட்டேன். எனக்குத்தான் பொறுமை கிடையாதே! நாலு நாளைக்கு ஒரு தரம் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். இரண்டு நுனி ஒடிந்தது, மூன்றாவது அழுகியது. இரண்டு நாள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் கொல்லை மதில் மேல் ஒரு கிழங்கு கிடந்தது. நான் வாங்கியதில் மிஞ்சியது என்று நினைத்து, வேலியோரம் நுனி ஒடியாமல் படுக்கவைத்து மண்ணை மூடினேன். இந்தத் தடவை தோண்டவே இல்லை. முளைத்தது. இலை நுனியே சுருண்டு குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் முன்னால் பூத்தும்விட்டது.

அத்தையைக் கொல்லைக்கு இழுத்து வந்தேன். பார்த்தார். "சரசு கைன்னா சும்மாவா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர் காசி அசடு வழிந்தார். "நீ அழுதுக்கிட்டு இருந்தியேனு நான்தான் ஒரு கிழங்கு கொண்டாந்து சரசுகிட்ட குடுத்து நடச் சொன்னேன். உங்கிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

"நட்டது நான்!" என்று கத்தினேன். இருவரும் நம்பவில்லை. சரசுவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவள் காசியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவரை உள்ளே போகச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் தூரம், பெரியம்மா" என்றாள் மெதுவாக. "நடக் கூடாதில்ல? அத அண்ணங்கிட்ட எப்படிச் சொல்றது? வாங்கி மதில் மேல வெச்சுட்டேன். அப்புறம் காணோம். அக்காதான் நட்டிருக்கணும்."

ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அத்தை யோசித்துவிட்டுச் சரசுவைக் கேட்டார். "கிழங்கு முதல்ல உன் கைக்குத்தானே வந்துச்சு?"

"ஆமா."

"தூரமா இருக்கறப்ப தொட்டும் பூத்திருக்குதுன்னா, அது எப்பேர்ப்பட்ட கை!"

தை பிறந்ததும் முதல் பிடியைச் சரசுதான் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த வருஷம் ஒரு மல்லாட்டைகூட முளைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அது எங்கள் நிலம், நாங்கள் சாப்பிடும் சோறு என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.